ஆசிரியர் வேலைக்கு ரெஸ்யூமும் கடிதமும்: பிரவுசிங் சென்டர் ஃபார்மட்டை விட்டு வெளியே வாருங்கள்

மார்ச் கடைசியில் ஆரம்பித்து ஜூன் முதல் வாரம் வரைக்கும் பள்ளி அலுவலக மேசையில் ரெஸ்யூம்கள் குவியும். "கணித ஆசிரியர் தேவை" என்று நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வரி போட்டால் போதும், மூன்று நாளில் நாற்பது ஐம்பது வந்துவிடும். பன்னிரண்டு வருடம் வகுப்பெடுத்துவிட்டு, அப்புறம் ஒரு மெட்ரிக் பள்ளியிலும் ஒரு சிபிஎஸ்இ பள்ளியிலும் ஆசிரியர் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். வந்து விழும் ஐம்பதில் நாற்பது ஒரே ஆள் எழுதியது மாதிரிதான் இருக்கும். உண்மையிலேயே ஒரே ஆள் எழுதியதுதான்: பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டர் தம்பி. முந்தின நாள் யாருக்கோ அடித்துக் கொடுத்த ஃபைலைத் திறப்பார், பெயரை மாற்றுவார், மதிப்பெண் சதவீதத்தை மாற்றுவார், பிரிண்ட் ஒன்று பத்து ரூபாய். ஒரு முறை வந்த ரெஸ்யூமில் மேலே ஒரு பெண்ணின் பெயர், கடைசியில் "மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்" என்பதற்குக் கீழே வேறொரு ஆணின் பெயர். உறுதியளித்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

முதலில் ஒன்று. அரசுப் பள்ளி வேலைக்கு இந்தக் கட்டுரை உதவாது. ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு வைக்கும், சான்றிதழ் சரிபார்க்கும், அவ்வளவுதான். அங்கே உங்கள் ரெஸ்யூமை உட்கார்ந்து வாசிப்பவர் யாரும் இல்லை. நான் பேசுவது தமிழ்நாட்டில் மெட்ரிக், நர்சரி பிரைமரி, சிபிஎஸ்இ மாதிரியான தனியார் பள்ளிகளுக்கு விண்ணப்பிப்பவர்களுக்காக.

அங்கே யார் படிக்கிறார்கள் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மெட்ரிக் பள்ளி என்றால் முதலில் அலுவலக உதவியாளர் பாடவாரியாகப் பிரித்துக் கட்டுவார். அவர் பார்ப்பது இரண்டே விஷயம்: எந்தப் பாடம், பி.எட். இருக்கிறதா. உங்கள் பாடம் என்னவென்று முதல் ஐந்து வரியில் தெரியாவிட்டால் தப்பான கட்டில் போய் உட்கார்ந்துவிடும், யாரும் தேடி எடுக்க மாட்டார்கள். அடுத்து பிரின்சிபல் கைக்குப் போகும். அவருக்கு ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் இருந்தால் பெரிய விஷயம், அதிலும் நடுவில் ஒரு பெற்றோர் ஃபீஸ் விஷயமாக வந்து நிற்பார். கடைசியாகத் தாளாளர். அவர் கேட்கும் கேள்வி வேறு மாதிரி: வீடு எங்கே, எவ்வளவு தூரம், நடு வருடத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவாரா? நவம்பரில் ஒரு பத்தாம் வகுப்பு ஆசிரியர் நின்றுவிட்டால் அந்த இடத்துக்கு ஆள் பிடிப்பது எவ்வளவு பாடு என்று அனுபவப்பட்டவர் அவர். சிபிஎஸ்இ பள்ளிகளில் தாளாளருக்கு முன்னால் ஒரு அகாடமிக் கோஆர்டினேட்டர் இருப்பார், அவர்தான் நீங்கள் எழுதியதை வரிவரியாக வாசிக்கும் ஒரே ஆள். ஆக உதவியாளருக்கு மேல் ஐந்து வரி, பிரின்சிபலுக்கு முதல் பக்கம், கோஆர்டினேட்டருக்குக் கடிதம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பியுங்கள்.

மேல் ஐந்து வரி

பெயர். அதற்குக் கீழேயே பாடமும் வகுப்பும்: "கணித ஆசிரியர், 6 முதல் 10 வரை", சிபிஎஸ்இ என்றால் அவர்கள் மொழியில் டிஜிடி (பட்டதாரி ஆசிரியர்) கணிதம், பிஜிடி (முதுகலை ஆசிரியர்) இயற்பியல் என்று. அடுத்த வரியில் ஊர், வாட்ஸ்அப் நம்பர், மின்னஞ்சல். முழு வீட்டு விலாசம் வேண்டாம், "திருச்சி, உறையூர்" என்ற அளவு போதும், தாளாளரின் தூரக் கணக்குக்கு அதுவே போதுமானது. மின்னஞ்சல் முகவரி கல்லூரியில் விளையாட்டாக ஆரம்பித்ததாக இருந்தால் இன்றைக்கே பெயரில் புதிதாக ஒன்று தொடங்குங்கள். செல்லப்பெயரும் பிறந்த வருடமும் நடிகர் பெயரும் சேர்ந்த முகவரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களில் நல்ல ஆசிரியர்களும் இருந்தார்கள், ஆனாலும் சிரிப்பு வந்துவிடுகிறது.

அப்புறம் தகுதி. இதில்தான் பலர் குழப்புகிறார்கள். 1 முதல் 5 வரைக்கு விண்ணப்பித்தால் பார்க்கப்படுவது தொடக்கக் கல்வி டிப்ளமோவும் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தாள் 1-ம். 6 முதல் 8 வரை பட்டம், பி.எட்., டெட் தாள் 2. மேல்நிலைக்கு முதுகலையும் பி.எட்.டும். பி.எட். மட்டும் முடித்தவர்கள் தொடக்க வகுப்புக்குத் தகுதியானவர்கள் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆகவே பி.எட். வைத்துக்கொண்டு மூன்றாம் வகுப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் அங்கே சிக்கல் வரலாம் என்று தெரிந்தே போங்கள். 8-ம் வகுப்பு வரை கற்பிக்க டெட் தேவை என்ற விதி 2010-லிருந்தே இருக்கிறது. தனியார் பள்ளிகளில் அது எந்த லட்சணத்தில் கடைப்பிடிக்கப்பட்டது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் டெட் தேறியாக வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, நான் முதலில் தேடுவதே அந்த வரியைத்தான். தேறியிருந்தால் தாள், வருடம், 150-க்கு எத்தனை என்று மூன்றையும் எழுதுங்கள். பழைய சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டதோ என்று பயந்து சிலர் எழுதாமலே விடுகிறார்கள். 2021-ல் அதை ஆயுட்காலத்துக்கும் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள், அதுவும் 2011-லிருந்து வாங்கியவர்களுக்கும் சேர்த்து. தேறவில்லை என்றால் "டெட் எழுதியுள்ளேன்" என்று மழுப்ப வேண்டாம். எழுதினேன் என்றாலே தேறவில்லை என்றுதான் வாசிப்போம்.

பட்டம், கல்லூரி, வருடம், சதவீதம் எல்லாம் ஒரு சின்னக் கட்டத்தில், கடைசியாகப் படித்தது மேலே இருக்கும்படி. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு நாலு வரி ஒதுக்க வேண்டியதில்லை.

அனுபவம்: இங்கேதான் நேரம் செலவழியுங்கள்

நான் பார்க்கும் ரெஸ்யூம்களில் அனுபவப் பகுதி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "2019 முதல் 2023 வரை 6 முதல் 10 வகுப்புகளுக்குக் கணிதம் கையாண்டேன். மாணவர்களின் ஒட்டுமொத்த வளர்ச்சிக்குப் பாடுபட்டேன். 100 சதவீதத் தேர்ச்சி கொடுத்தேன்." (நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள், விஷயம் பிடிபடட்டும் என்று தமிழில் சொல்கிறேன்.) இதை வைத்து உங்களை நான் எப்படி எடைபோடுவது? எந்த ஆசிரியரும் வளர்ச்சிக்கு எதிராகப் பாடுபட்டதாக எழுதப் போவதில்லை.

இப்போது இதே நபர் இப்படி எழுதினால்: "7, 8, 9 வகுப்புகள், நான்கு பிரிவு, வாரம் 28 பீரியட், பிரிவுக்கு 38 முதல் 42 பேர். 9-பி வகுப்பாசிரியர். ஏழாம் வகுப்பு முழுக்கள் பாடத்தில் குறி மாற்றத்தில் தடுமாறிய 13 பேருக்கு ஜூலை, ஆகஸ்டில் மாலை அரைமணி நேரம் தனியாக எடுத்தேன். தரையில் எண்கோடு வரைந்து நடக்க வைத்துப் பழக்கினேன். காலாண்டுத் தேர்வில் 13 பேரில் 9 பேர் அந்தக் கணக்குகளைச் சரியாகப் போட்டார்கள்."

இதில் பெரிய சாதனை எதுவும் இல்லை. ஆனால் படித்த உடனே எனக்கு ஒரு ஆள் தெரிகிறார். வாரம் 28 பீரியட் எடுத்துப் பழக்கப்பட்டவர், எங்கள் டைம்டேபிளைக் கண்டு மிரள மாட்டார். நாற்பது பேர் வகுப்பு புதிதில்லை. கழித்தல் 3-லிருந்து கழித்தல் 5-ஐக் கழிக்கச் சொன்னால் பிள்ளைகள் எங்கே வழுக்கி விழுவார்கள் என்று தெரிந்திருக்கிறது. பதின்மூன்றில் ஒன்பது என்று எழுதியிருக்கிறார், பதின்மூன்றும் என்று எழுதவில்லை, ஆகவே நம்பலாம். டெமோ கிளாஸுக்குக் கூப்பிடும்போது நானே "முழுக்கள் எடுங்கள், எண்கோட்டில் நடக்க வைத்ததைக் காட்டுங்கள்" என்பேன். அதாவது டெமோவுக்கான தலைப்பை நீங்களே உங்கள் ரெஸ்யூமில் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். இந்த ஒரு லாபத்துக்காகவாவது இப்படி எழுதலாம்.

உங்களுக்கு இப்படி எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றால் பழைய நோட்ஸ் ஆஃப் லெசன் நோட்டை எடுத்துப் புரட்டுங்கள், மெல்லக் கற்போர் பதிவேடு இருந்தால் அதையும். எந்தப் பாடத்தில் நின்று நின்று போனீர்கள், எதை இரண்டாம் முறை வேறு மாதிரி எடுத்தீர்கள், எந்தப் பிள்ளைக்காக வினாத்தாளை மாற்றினீர்கள் என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டே போங்கள். பத்து விஷயம் தேறும். விண்ணப்பிக்கும் வகுப்புக்குப் பொருந்தும் மூன்றை மட்டும் ரெஸ்யூமில் வையுங்கள், ஒன்றைக் கடிதத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

நூறு சதவீதத் தேர்ச்சி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் எழுதுகிறார்கள், ஆகவே அதற்கு மதிப்பு இல்லை. மேலும், ஒன்பதாம் வகுப்பிலேயே வடிகட்டி டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு வாங்கும் நூறு சதவீதமும் இருக்கிறது என்று எங்களுக்கும் தெரியும். ரிசல்ட் உங்கள் பலம் என்றால் அதற்குப் பின்னால் இருந்ததை எழுதுங்கள்: "அரையாண்டில் 35-க்குக் கீழே இருந்த 6 பேரும் பொதுத்தேர்வில் தேறினார்கள்" என்பது நூறு சதவீதத்தை விடப் பலமான வரி. சென்டம் வாங்கிய பிள்ளையைப் பற்றிப் பெருமைப்படுங்கள், தப்பில்லை, ஆனால் அந்தப் பிள்ளை யாரிடம் படித்திருந்தாலும் வாங்கியிருக்கும் என்று படிப்பவர் நினைக்க வாய்ப்பு உண்டு.

பொய் எண் போட வேண்டாம். ஒழுக்கப் பாடம் எடுக்கவில்லை, நடைமுறை சொல்கிறேன். இந்த ஊர்ப் பள்ளிகளின் பிரின்சிபல்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியும், விடைத்தாள் திருத்தும் மையத்தில் வருடா வருடம் அவர்கள் ஆசிரியர்களும் சந்திக்கிறார்கள். ஒரு போன் போதும்.

வகுப்புக்கு வெளியே செய்த வேலைகளும் எங்கள் பள்ளிகளில் எடைபோடப்படும், ஏனென்றால் நாளைக்கே உங்கள் தலையில் வந்து விழப்போவது அவைதான். தேர்வுப் பொறுப்பு, ஆண்டு விழா நாடகம், அறிவியல் கண்காட்சி, ஜே.ஆர்.சி. (இளஞ்செஞ்சிலுவைச் சங்கம்), சாரணர், எமிஸ் (மாணவர் விவரங்களை ஏற்றும் அரசின் இணையதளம்) பதிவு, சிபிஎஸ்இ என்றால் வருடத்துக்கு 50 மணி நேரப் பயிற்சி முடித்த சான்று. ஆளுக்கொரு வரி போதும். எமிஸில் பதிவேற்றத் தெரியும் என்பதைப் பலர் சின்ன விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள், ஆனால் அதைப் பார்த்ததும் பிரின்சிபல் முகத்தில் வரும் நிம்மதியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இப்போதுதான் பி.எட். முடித்தீர்களா

அனுபவம் என்ற தலைப்பைக் காலியாக விட வேண்டாம், "இல்லை" என்றும் எழுத வேண்டாம். பி.எட். இரண்டு வருடப் படிப்பானது 2015-லிருந்து. அதில் பள்ளிக்குப் போய் எடுக்கும் பயிற்சி மட்டும் இரண்டாம் வருடத்தில் பதினாறு வாரம். பதினாறு வாரம் என்பது ஒரு காலாண்டுக்கு மேல். அதை "கற்பித்தல் பயிற்சி முடித்தேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, எத்தனை பாடம் எடுத்தீர்கள், வழிகாட்டி ஆசிரியர் உங்கள் வகுப்பைப் பார்த்துவிட்டுச் சொன்ன குறை என்ன, அடுத்த வாரம் எதை மாற்றினீர்கள்? கடைசிக் கேள்விக்கு நேர்மையாக இரண்டு வரி எழுதினால் நாலு வருட அனுபவக்காரரின் பொத்தாம் பொதுவான பக்கத்தை அது தோற்கடிக்கும்.

கல்லூரிப் பக்கமே போகாமல் பி.எட். வாங்கியவர்களும் இருக்கிறார்கள், தெரியும். அவர்களுக்கு ரெஸ்யூம் எழுதும் கலை உதவாது. டெமோ கிளாஸில் கரும்பலகையில் எழுதும்போது யாரைப் பார்த்து நிற்கிறார் என்பதிலேயே தெரிந்துவிடும். இப்போதைக்கு ஒரு நல்ல ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு மாதம் உட்காரக் கேட்டுப் பாருங்கள்.

டியூஷன் எடுத்ததை எழுதலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. கோவிட் சமயத்தில் பிள்ளைகள் விட்டதைப் பிடிக்க 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்திருந்தால் அதை மேலேயே கொண்டு வாருங்கள்: எத்தனை பிள்ளைகள், எந்த வயது, எத்தனை மாதம், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன செய்தீர்கள். வீட்டுத் திண்ணையில் வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் உட்காரவைத்துச் சமாளித்தவர்களுக்கு வகுப்பறை கட்டுக்குள் வரும்.

இடையில் விட்டுப்போன வருடங்கள்

கல்யாணம், பிரசவம், மாமியார் உடல்நிலை, கணவருக்கு ஊர் மாற்றம். எங்கள் பள்ளிகளுக்கு விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஆகவே இடைவெளி இல்லாத ரெஸ்யூமைத்தான் அதிசயமாகப் பார்க்கிறோம். மறைப்பதற்காக வருடங்களை மட்டும் போட்டு மாதங்களை விட்டால் சந்தேகம்தான் வரும். "2017 ஜூன் முதல் 2021 மே வரை குழந்தை வளர்ப்புக்காக விடுப்பு, 2019-லிருந்து மாலையில் ஆறு பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன்" என்று ஒரு வரி போதும், மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். இந்த இடைவெளியில் பாடப்புத்தகம் மாறியிருந்தால் மட்டும் கவனம்: புதிய புத்தகத்தை வாங்கிப் புரட்டிவிட்டேன் என்று கடிதத்தில் ஒரு பாடத்தின் பெயரோடு சொன்னால் பெரிய கேள்வி ஒன்று அடங்கிவிடும்.

2020, 21 இடைவெளியை யாரும் கேட்கப் போவதில்லை. 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரைக்கான வகுப்புகள் 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. சம்பளம் பாதியாகி, அப்புறம் அதுவும் நின்று, காய்கறி விற்றவர்களும் துணிக்கடையில் நின்றவர்களும் எங்கள் மத்தியிலேயே இருக்கிறார்கள். எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெட்டித் தள்ள வேண்டியவை

சாதி, மதம், திருமண நிலை, அப்பா தொழில், உயரம், எடை. சில பள்ளிகள் தங்கள் விண்ணப்பப் படிவத்தில் இதில் சிலவற்றைக் கேட்கும், கேட்டால் அங்கே எழுதுங்கள், நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். "சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்கும்..." என்று தொடங்கும் குறிக்கோள் பத்தி, முதல் வெட்டு அதற்குத்தான். பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது. எதிர்பார்க்கும் சம்பளம், நேரில் பேசிக்கொள்ளலாம். புகைப்படம் நம் பக்கத்துப் பள்ளிகளில் எதிர்பார்க்கிறார்கள், ஆகவே சாதாரண பாஸ்போர்ட் படம் ஒன்று இருக்கட்டும், கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்தது வேண்டாம். மொத்தம் இரண்டு பக்கம், புதியவர் என்றால் ஒன்று.

கடிதம்

கவரிங் லெட்டர் என்பார்கள், கூகுள் ஃபார்மில் "உங்களைப் பற்றி 300 வார்த்தை" என்று கேட்பார்கள், பெரிய சிபிஎஸ்இ பள்ளிகளில் உங்கள் கற்பித்தல் நோக்கு என்ன என்று ஒரு தாளைக் கொடுத்து அங்கேயே உட்கார வைத்து எழுதச் சொல்வதும் உண்டு. பெயர் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: நாற்பது பிள்ளைகளோடு உங்களை விட்டுவிட்டு நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு போகலாமா?

இதற்குப் பதிலாக வருவது பத்தில் ஏழு "ஆசிரியப் பணி அறப்பணி, அதற்கே உன்னை அர்ப்பணி" என்று ஆரம்பிக்கும். மீதியில் இரண்டு "மாதா பிதா குரு தெய்வம்". கலாம் ஐயாவும் ராதாகிருஷ்ணனும் எல்லாப் பக்கத்திலும் வருவார்கள். சிறுவயது முதலே ஆசிரியராக வேண்டும் என்பது என் கனவு என்பது அடுத்தது. உண்மையாகவே கனவாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த வரியை வைத்து உங்களையும் அடுத்த விண்ணப்பதாரரையும் எப்படிப் பிரிப்பது?

ஒரு வகுப்பில் ஆரம்பியுங்கள். சிபிஎஸ்இ பள்ளித் தமிழாசிரியர் வேலைக்கு ஒரு மாதிரி எழுதிப் பார்ப்போம். இந்த வேலைக்கு இப்போது நிறைய இடம் இருக்கிறது. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தை 2015-16-லிருந்து ஒன்றாம் வகுப்பு தொடங்கி படிப்படியாக சிபிஎஸ்இ பள்ளிகளுக்கும் கொண்டுவந்தார்கள், ஆகவே தமிழுக்கு ஆள் வேண்டியிருக்கிறது.

"சென்ற வருடம் என் ஆறாம் வகுப்பில் 34 பேர். வீட்டில் எல்லோரும் தமிழ்தான் பேசுகிறார்கள், ஆனால் ஜூனில் ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் வாசித்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. ஒரு பையன் பள்ளியையும் பல்லியையும் ஒரே மாதிரி எழுதுவான். நான் சிவப்பு மையில் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தேன். ஆகஸ்டில்தான் எனக்கு உறைத்தது, அவன் வாயிலேயே இரண்டும் ஒன்றாகத்தான் வருகின்றன, கையைத் திருத்தி என்ன பயன் என்று. அதன் பிறகு தினமும் முதல் ஐந்து நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு ல, ள, ழ சொற்களை வாய்விட்டுச் சொல்ல வைத்தேன், பிள்ளைகளே ஒருவர் சொல்ல ஒருவர் எழுதும் விளையாட்டாக அதை மாற்றிக்கொண்டார்கள். டிசம்பரில் 25 பேர் பத்தியைச் சரளமாக வாசித்தார்கள். அந்தப் பையன் பள்ளியைச் சரியாக எழுதுகிறான், ழகரத்தில் இன்னும் தடுமாறுகிறான்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அதைப் படித்துவிட்டுத்தான் நான் போனை எடுப்பேன். தான் இரண்டு மாதம் தப்பாகச் செய்ததை ஒப்புக்கொள்கிறார், முழுசாக ஜெயித்ததாகவும் கதை விடவில்லை. கரிசனம், பொறுமை, புதுமை என்று எந்தச் சொல்லும் அந்தப் பத்தியில் இல்லை. சிவப்பு மை வட்டமும் ஐந்து நிமிட விளையாட்டும் அவற்றைச் சொல்லிவிட்டன.

அடுத்த பத்தி, ஏன் இந்தப் பள்ளி. "புகழ்பெற்ற தங்கள் பள்ளியில்" என்று எழுதும் முன் அந்தப் பள்ளியைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: எந்த போர்டு, எந்த வகுப்பு வரை, பிள்ளைகள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். வெப்சைட் இல்லாத பள்ளி என்றால் மாலை மூன்றே முக்காலுக்குக் கேட் பக்கம் பத்து நிமிடம் நின்றாலே பாதி தெரியும், எத்தனை வேன், எந்த ஊர்ப் பெயர்கள், கூப்பிட வரும் பெற்றோர் யார். சுற்றியிருக்கும் கிராமங்களிலிருந்து முதல் தலைமுறையாக ஆங்கில வழியில் படிக்க வரும் பிள்ளைகள் என்றால் அதைச் சொல்லி, அப்படிப்பட்ட வகுப்பில் நீங்கள் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். மெட்ரிக்கிலிருந்து சிபிஎஸ்இ-க்கு மாறுகிறீர்கள் என்றால் என்சிஇஆர்டி புத்தகத்தில் உங்கள் பாடம் எங்கே வேறுபடுகிறது என்று ஒரு இடத்தைக் குறிப்பிடுங்கள். பழைய பள்ளியை ஏன் விட்டீர்கள் என்பதை ஒரே வரியில், யாரையும் திட்டாமல். திட்டத் தோன்றும், எனக்கும் தோன்றியது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளி என் ஒரிஜினல் சான்றிதழ்களை எட்டு மாதம் கையில் வைத்துக்கொண்டு அலையவிட்டது, அந்தக் கோபத்தை அடுத்த பள்ளிக்கு எழுதிய கடிதத்தில் கொட்டினேன், கூப்பிடவே இல்லை.

கடைசிப் பத்தி சின்னது: எந்த வகுப்புகளை உடனே எடுக்க முடியும், எதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும், எந்தத் தேதியில் சேர முடியும், எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள், எத்தனை வருடம் அங்கே இருக்கப் போகிறீர்கள். தாளாளருக்கான பதில் இதுதான். சொந்த வீடு அங்கேயே இருந்தால் வெட்கப்படாமல் எழுதுங்கள்.

ஆங்கிலம் தடுமாறுகிறவர்களுக்கு ஒன்று. எளிய ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள், ஒரு நண்பரிடம் பிழை பார்க்கக் கொடுங்கள். இப்போது நிறையப் பேர் சாட்ஜிபிடியிடம் மொத்தமாக எழுதி வாங்கி அப்படியே அனுப்புகிறார்கள். தெரியாது என்று நினைக்க வேண்டாம், ஒரே வாரத்தில் எட்டுக் கடிதம் அதே பளபளப்போடு வந்தால் தெரியாமல் எப்படி இருக்கும்? எழுத்துப்பிழை, இலக்கணம் பார்க்கப் பயன்படுத்துங்கள், சரி. ஆனால் நேர்காணலில் அந்தக் கடிதத்தை எடுத்து வைத்து "இந்த வரியை விளக்குங்கள் டீச்சர்" என்று கேட்கும்போது வாயிலிருந்து வருவது உங்கள் ஆங்கிலம்தான், இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருந்தால் பள்ளம்தான் எங்கள் கண்ணில் படும். எழுதி முடித்ததும் ஒரு முறை சத்தமாக வாசித்துப் பாருங்கள், நாக்கு தடுக்கும் இடமெல்லாம் உங்களுடையது இல்லாத வாக்கியம்.

அனுப்பும்போது

பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், வேர்டு ஃபைல் அலுவலகத்துப் பழைய கணினியில் கோணல்மாணலாகத் திறக்கும். ஃபைல் பெயர் உங்கள் பெயரும் பாடமும். "நியூ ரெஸ்யூம் ஃபைனல் 2" என்று என் போனில் மட்டும் பதினோரு பேர் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஃபைலை மட்டும் தூக்கிப் போடாமல் இரண்டு வரி எழுதுங்கள்: பெயர், பாடம், எந்த விளம்பரத்தைப் பார்த்து. பழைய பிரின்சிபல் பெயரையும் நம்பரையும் பரிந்துரைக்குக் கொடுப்பதாக இருந்தால் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், திடீரென்று போன் வந்தால் அவருக்கே உங்கள் முகம் நினைவுக்கு வர நேரமாகும்.

நேரில் போகும்போது ஜெராக்ஸ் இரண்டு செட், ஒரிஜினல் காட்டுவதற்கு மட்டும். காட்டிவிட்டு அதே கையோடு பைக்குள் வைத்துவிடுங்கள். "இங்கேயே இருக்கட்டும், சேஃபா இருக்கும்" என்று சொன்னால், வங்கிக் கடனுக்குத் தேவைப்படுகிறது, அப்பா கேட்கிறார், எதையாவது சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரு முறை போன் செய்யலாம். காலை எட்டரைக்குச் செய்ய வேண்டாம், அப்போது பிரேயர், லேட் கமர்ஸ், லீவு போட்ட ஆசிரியருக்குப் பதில் ஆள் என்று எல்லாரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். பதினொன்றரைக்கு மேல் செய்யுங்கள், இன்டர்வெல் முடிந்து பிள்ளைகள் உள்ளே போயிருப்பார்கள், போனை எடுப்பவருக்கு உங்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நிமிடம் கிடைக்கும்.